ஆய்வா, கம்பனிப் பயிற்சியா: மட்டக்களப்பிலிருந்து தரவு வேலைக்குப் போகும் வழி

வந்தாறுமூலையில் புள்ளிவிபரவியல் படித்து முடித்து, வார இறுதி வகுப்புகளுக்காகக் கொழும்புக்குப் போய் வந்து தரவு விஞ்ஞான முதுமாணியும் செய்தேன். பாடங்கள் முடிந்தபோது முன்னால் மூன்று வழி இருந்தது. ஆய்வைத் தொடரலாம். பாடங்களோடு நிறுத்திக்கொண்டு ஒரு கம்பனியில் 6 மாதப் பயிற்சிக்குப் போகலாம். இல்லையென்றால் கல்லடியில் வீட்டிலிருந்தபடியே இணையச் சான்றிதழ்களைச் சேர்த்துக்கொண்டு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். நான் பயிற்சிக்குப் போனேன், இப்போது தரவுப் பகுப்பாய்வாளராக இருக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

சான்றிதழ் வழியில் செலவு குறைவு, வீட்டுச் சாப்பாடு, பைதான் கணினிமொழியில் கை படியும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே கிடைக்கும் தரவு யாரோ துடைத்து வைத்த தரவு. எல்லாப் பயிற்சியிலும் வரும் மாதிரித் தரவுதான்: டைட்டானிக் பயணிகள் 891 வரிசை, ஐரிஸ் பூக்கள் 150 வரிசை. எல்லோரும் அதே பயிற்சியைச் செய்து அதே படத்தை வரைந்து விண்ணப்பத்தோடு அனுப்புகிறார்கள்.

ஆய்வு வழி அப்படியல்ல, அதற்குத் தனி மதிப்பு உண்டு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடங்கள் மட்டும் உள்ள முதுமாணி 9ஆம் மட்டம், ஆய்வோடு சேர்ந்தது 10ஆம் மட்டம். விரிவுரையாளராக வர நினைப்பவர்கள், பிறகு கலாநிதிப் பட்டத்துக்குப் போக நினைப்பவர்கள் இந்தக் கட்டுரையை இதற்கு மேல் வாசிக்கத் தேவையில்லை, ஆய்வையே எடுங்கள். என்னோடு படித்த தோழி மட்டக்களப்பின் மழைவீழ்ச்சியையும் டெங்கு நோயாளர் எண்ணிக்கையையும் வைத்து ஆய்வு செய்தாள். மாரி மழைக்குப் பின் எத்தனை வாரம் கழித்து எண்ணிக்கை ஏறுகிறது என்று பார்க்கும் வேலை. இப்படிக் காலப்போக்கில் மாறும் எண்களை ஆராயும் காலத்தொடர் முறைகளில் அவளுக்குள்ள ஆழம் எனக்கு இன்றும் இல்லை.

அப்படியிருந்தும் தரவு வேலைதான் நோக்கம் என்றால் பயிற்சியே என்கிறேன். காரணம் ஒன்றுதான்: அங்கே தரவுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார், நீங்கள் சொல்லும் பதிலுக்காகக் காத்திருக்கிறார்.

நான் போனது ஒரு லீசிங் கம்பனி. முதல் வாரம் கேட்ட கேள்வி, "நமக்கு மொத்தம் எத்தனை வாடிக்கையாளர்?" இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் ஒரே வரி, வேறுபட்ட அடையாள அட்டை இலக்கங்களை எண்ணிப் பத்து நிமிடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். குழுவுக்குப் பொறுப்பாக இருந்த அக்கா எண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பழைய அட்டையில ஒரு தரம், புது அட்டையில ஒரு தரம் வந்த ஆட்களை என்ன செய்தீங்க தம்பி?"

2016இலிருந்து நம் அடையாள அட்டை இலக்கம் 12 இலக்கமாகிவிட்டது. அதற்கு முந்தியது 9 இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும். 2014இல் மோட்டார் சைக்கிளுக்கும் 2019இல் முச்சக்கர வண்டிக்கும் லீசிங் எடுத்த ஒரே ஆள், என் கணக்கில் இரண்டு பேர். சரி, மாற்றிவிடலாம்: முன்னால் 19 போட்டு, பழைய இலக்கத்தின் முதல் ஐந்துக்குப் பிறகு ஒரு 0 நுழைத்து, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் புது இலக்கம் வந்துவிடும். ஆனால் சில கிளைகள் எக்செல்லில் தட்டி அனுப்பியிருந்தன. எக்செல் 12 இலக்கத்தை நடுவில் ஓர் ஆங்கில 'E' போட்டுச் சுருக்கிக் காட்டும். அதை அப்படியே சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போனது போனதுதான்.

சரிபார்க்கப் பிறந்த திகதியை எடுத்தேன். அட்டை இலக்கத்திலேயே பிறந்த வருடமும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கிறது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டு, கம்பனியில் பதிவான பிறந்த திகதியோடு ஒப்பிட்டால் மார்ச் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்களுக்கு ஒரு நாள் பிசகுகிறது. நான் எழுதிய கோடில்தான் (code) பிழை என்று இரண்டு நாள் தேடினேன். 1984, 1988இல் பிறந்தவர்களுக்கு மட்டும் சரியாக வருகிறதே என்று கவனித்தபோதுதான் விளங்கியது: அட்டை இலக்கத்தில் லீப் வருடமோ இல்லையோ எல்லா வருடமும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே எண்ணுகிறார்கள். இது எந்தப் பாடத்திலும் வராது.

பெயரை வைத்தும் முயன்றோம். நம்மவர்களுக்குத் தகப்பன் பெயர் முன்னால் வரும். ஒரு கிளை அதைக் குடும்பப்பெயர் நிரலில் போட்டிருந்தது, இன்னொரு கிளை முதலெழுத்தாகச் சுருக்கியிருந்தது. இதை அந்த அலுவலகத்தில் எடுத்த எடுப்பில் கண்டுபிடித்தது நான்தான். மட்டக்களப்பில் வளர்ந்தது அன்றைக்கு உதவியது.

மூன்றாவது வாரம் புதுக் கணக்கைக் கொடுத்தோம். மறுநாளே ஒரு கிளை முகாமையாளர் தொலைபேசியில் வந்து, தன் கிளையில் ஏன் குறைந்தது என்று கேட்டார். அவருக்கு வரிசை வரிசையாகக் காட்டினேன். பிறகு வேலைக்கான நேர்முகத் தேர்வில், ஒரே வாடிக்கையாளர் இரண்டு தடவை பதிவாகியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார்கள். பேசிக்கொண்டே இருந்தேன், அவர்களே நிறுத்தினார்கள்.

பயிற்சியின் குறைகளும் இருக்கின்றன. வெள்ளவத்தை போர்டிங் வாடகைக்கு உதவித்தொகை காணாது, வீட்டிலிருந்து காசு வாங்கினேன். செய்த வேலையை வெளியே காட்டவும் முடியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கட்டும், சட்டம் இல்லாவிட்டாலும் இன்னொருவரின் அட்டை இலக்கத்தை மடிக்கணனியில் தூக்கிக்கொண்டு வருவது முறையல்ல. வழிமுறையை மட்டும் போலித் தரவில் மறுபடி செய்து வைத்திருக்கிறேன். இன்னொன்று, நான் பார்த்தது ஒரே ஒரு கம்பனி. தேநீர் வாங்கவும் பவர் பிஐ மென்பொருளில் வரைபடங்களின் நிறம் மாற்றவும் மட்டுமே வைத்திருந்த இடங்களைப் பற்றி நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒப்புக்கொள்ள முன், எந்தத் தரவுத்தளத்துக்கு அனுமதி தருவார்கள், நீங்கள் எழுதும் கோடை (code) யார் பார்ப்பார் என்று கேட்டுவிடுங்கள்.

கடைசி 2 மாதத்தை நான் கல்லடியிலிருந்தே செய்தேன், சுகமாகத்தான் போனது. ஆனால் அதற்குள் எல்லோரையும் முகம் பார்த்துத் தெரியும், அக்காவுக்கு இரவு 8 மணிக்கும் அழைத்துக் கேட்கலாம். கொழும்பில் தங்க வசதியில்லாதவர்கள் முதல் ஒரு மாதத்தை மட்டுமாவது நேரில் செய்துவிட்டு, மிச்சத்தை வீட்டிலிருந்து செய்யக் கேட்டுப் பார்க்கலாம்.