186,500 ரூபா: சுவிஸ் மலை ஏரிக்கு 'பக்கேஜ்' விற்பவர்களிடம் கவனம்

ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து ஐந்நூறு ரூபா. இன்று காலை நாலாவது தடவையாக அந்தக் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். வந்த சூட்டிலேயே எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க அம்மா அப்பாவைக் கூட்டிப்போக இருக்கும் வன்னிச் சனம் கட்டாயம் வாசிக்க வேண்டும். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். ஏ9 வீதியோரம் விமான ரிக்கெற், விசா விண்ணப்பம், காப்புறுதி, கடவுச்சீட்டுப் படம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே செய்து தரும் கடைகள் இப்போது எத்தனையோ வந்துவிட்டன அல்லவா, அப்படி ஒன்று. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் பனிமலைப் படம்.

அக்கா பேர்ணில் இருக்கிறாள், பதினாறு வருடம். அம்மாவையும் என்னையும் கூப்பிட்டு விசா எடுத்தாள். வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் முடியாமல் வரமாட்டேன் என்று அம்மா பிடிவாதம், அதனால் பொங்கல் முடிந்து ஆனியில் புறப்பட்டோம்.

அம்மாவுக்கு சுவிஸில் பார்க்க வேண்டும் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். அப்பா புவியியல் வாத்தியார். பின்னேரங்களில் பெடியளை விறாந்தையில் இருத்திப் படிப்பிப்பார். பனியாறு மலையிலிருந்து இறங்கும்போது பாறையை மாவாக அரைக்கும், அந்த மா தண்ணீரில் கலந்து நிற்பதால்தான் மலை ஏரிகள் நீலமும் பச்சையுமாகத் தெரியும் என்று அவர் சொல்வதைக் குசினிக்குள் இருந்து கேட்டுக் கேட்டு அம்மாவுக்கும் பாடம். அவர் ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. இரணைமடுக் குளத்தைக் காட்டித்தான் அத்தனையும் படிப்பித்தார். 2009 இல் எங்களை விட்டுப் போய்விட்டார். போன வருடம் அக்கா ஒரு படம் அனுப்பினாள், எஷினன் ஏரி என்று. அம்மா போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், "இது உங்கட அப்பா சொன்ன பாறை மாத் தண்ணியெல்லோ" என்றார். அன்றைக்கே முடிவெடுத்தேன், அங்கே கூட்டிப்போவதென்று. அக்காவுக்குச் சொல்லவில்லை. அவள் முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்து எங்கள் இரண்டு பேருக்கும் விமானச் செலவு பார்த்தவள். இந்த ஒரு நாளாவது என் காசில் நடக்கட்டும் என்று நினைத்தேன். பெரும்போக நெல் விற்ற காசு கையில் இருந்தது.

காப்புறுதி எடுக்கத்தான் அந்தக் கடைக்குப் போனேன். பேச்சோடு பேச்சாக ஏரி விஷயத்தைச் சொன்னேன். முதலாளி எழும்பி வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார். எந்த ஊர், யாருடைய மகன் என்று கேட்டார், சொன்னேன். "ஐயோ தம்பி, நீங்கள் சேரின்ர மகனோ! உங்கட அப்பா எனக்குக் கணக்குப் படிப்பிச்சவர். அவர் இல்லாட்டி நான் இண்டைக்கு இந்தக் கதிரையில இல்லை." தேத்தண்ணி வந்தது, கூட றோல்ஸ் வந்தது. அப்பாவைத் தெரிந்த ஒருவர், அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்கிறார், எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அப்பா கணக்குப் படிப்பித்ததே இல்லை என்பது அந்த நேரம் மண்டையில் ஏறியதுதான், அந்தக் காலத்தில் ஆளில்லாத பாடத்தை யார் யாரோ எடுத்திருப்பார்கள் என்று நானே அதற்குச் சமாதானம் தேடிக்கொண்டேன். இப்போது யோசித்தால் அவர் அப்பாவின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. நான் சொன்ன பிறகு 'சேர்' என்றார், அவ்வளவுதான். 186,500 ரூபா போனது அந்த ஒரு சொல்லில்.

பிறகு பயம் காட்டினார். அம்மாவுக்கு எத்தனை வயது? அறுபத்தேழு. முழங்கால் நோவா? ஓம். "அது அல்ப்ஸ் மலை தம்பி, உயரத்தில மூச்சுத் திணறும், வயசான ஆக்கள் வழிகாட்டி இல்லாமல் போகவே ஏலாது, அங்கத்தைச் சட்டம்." இரண்டு பேருக்கும் மூன்று நாள் சுவிஸ் டிராவல் பாஸ் (ரயிலில் போய்வரும் ரிக்கெற்), மலையேறும் கொண்டோலா (கம்பியில் தொங்கிப் போகும் பெட்டி), தமிழ் கதைக்கும் வழிகாட்டி, மதியச் சாப்பாடு, எல்லாமாகச் சேர்த்து 186,500 ரூபா. "சேரின்ர குடும்பம் எண்டபடியால் லாபமே வைக்கேல்லை." காசாகக் கட்டினால் போதும், வங்கியில் போட்டால் வரிப் பிரச்சினை என்றார். கட்டினேன். பற்றுச்சீட்டு தந்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு வட்ஸ்அப்பில் இரண்டு பாஸ் வந்தது. பெயர் சரி, கடவுச்சீட்டு இலக்கம் சரி, மூலையில் கியூஆர் கோட். வழிகாட்டியின் இலக்கமும் வந்தது, காலை பத்து மணிக்கு ஏரிக்குக் கீழே இருக்கும் கண்டர்ஸ்டேக் ஊர் ரயில் நிலையத்தில் நிற்பாராம்.

அக்காவுக்கு ஒரே ஒரு லீவு நாள்தான் எங்களோடு ஒத்து வந்தது. முதல் நாள் இரவுதான் விஷயத்தைச் சொன்னேன். என்னத்துக்கடா காசைக் கொட்டினாய் என்று ஏசினாள், ஆனால் அவளுக்கும் சந்தோசம். அங்கே வசிப்பவர்களுக்கு அந்தப் பாஸ் இல்லை, வெளிநாட்டிலிருந்து போகிறவர்களுக்கு மட்டும்தான், அதனால் தனக்குத் தனியாக ரிக்கெற் எடுத்தாள். அம்மா பட்டுச் சேலை உடுத்து, மேலே அக்காவின் தடித்த ஜக்கெற், காலுக்குப் புது சப்பாத்து. பையில் புளிச்சாதம், ஒரு போத்தல் தண்ணி, அப்பாவின் சின்னப் படம் ஒன்று.

ரயில் தூன் நகரத்தைத் தாண்டிய பிறகு ரிக்கெற் பரிசோதகர் வந்தார். அம்மாவின் பாஸை ஸ்கேன் பண்ணினார். திரும்பவும் பண்ணினார். பிறகு கடவுச்சீட்டைக் கேட்டு வாங்கி, மெஷினையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். மெஷினில் வந்த பெயர் வேறு யாருடையதோ. திகதி போன வருடத்தது. யாரோ பாவித்து முடித்த பாஸின் மேல் எங்கள் பெயரை அடித்துத் தந்திருக்கிறார்கள். என்னுடையதும் அதே கோட். அக்கா ஜெர்மனில் கெஞ்சிக் கதைத்தாள், அந்த மனிதர் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை, ஆனால் பயணக் கட்டணமும் தண்டமும் எழுதி அக்காவின் விலாசத்தைக் கேட்டு வாங்கினார். ரயிலுக்குள் எல்லோரும் பார்த்தார்கள். அம்மாவுக்கு மொழி விளங்காது, "நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்?" என்று என்னைத்தான் கேட்டார்.

ஸ்பீட்ஸ் நிலையத்தில் இறங்கினோம். வழிகாட்டியின் இலக்கத்துக்கு அக்கா அடித்துப் பார்த்தாள், அப்படி ஒரு இலக்கமே பாவனையில் இல்லை. மேடையில் நின்றாலே கீழே தூன் ஏரி தெரிகிறது, கோட்டை தெரிகிறது. இப்போது புதுசாக ரிக்கெற் எடுத்து மேலே போவோம் என்று அக்கா எவ்வளவோ சொன்னாள். அம்மா வேண்டாம் என்றுவிட்டார். "இந்த ஏரி போதும் பிள்ளை, உன்ர காசு இன்னும் போக வேண்டாம்." வாங்கிலில் இருந்து புளிச்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுப் பேர்ணுக்குத் திரும்பினோம். அப்பாவின் படம் பையை விட்டு வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு மழை, அக்காவுக்கு வேலை, எங்கள் திகதியும் முடிந்துவிட்டது.

அன்று இரவு அக்காவின் மகன் எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னான், கேட்கக் கேட்க வயிறு எரிந்தது. அவன் பள்ளிக்கூடத்தோடு அங்கே போனவன். கண்டர்ஸ்டேக்கில் இறங்கிக் கொண்டோலா நிலையத்துக்கு நடந்தே போகலாம். மேலே இறங்கினால் ஏரிக்கு அரை மணி நேர நடை, அகலமான பாதை, குழந்தை வண்டில் தள்ளிக்கொண்டே சனம் போகிறது. வழிகாட்டி வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நடைபாதை முழுக்க மஞ்சள் பலகை, எங்கே போக எவ்வளவு நேரம் என்று எழுதியிருக்கும். வெறும் மஞ்சள் என்றால் இலகுவான பாதை, வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு போட்டிருந்தால் மலைப்பாதை, வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் பழக்கமில்லாதவர்கள் கால் வைக்கவே கூடாது. அம்மாவுக்கு மஞ்சள் போதும்.

மூச்சுத் திணறும் என்றாரே, அந்த ஏரி கடல் மட்டத்திலிருந்து 1,578 மீற்றர். எங்கள் நுவரெலியா நகரம் 1,868 மீற்றர்! அம்மா ஊர்ச் சனத்தோடு பஸ் பிடித்து நுவரெலியா போய், சீத்தா எலியக் கோயிலும் கும்பிட்டு, ஒரு தும்மல் கூட இல்லாமல் வந்தவர். இதை நான் ஒரு நிமிடம் போனில் தேடியிருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்திருக்கும். இன்னொன்று, உண்மையான டிராவல் பாஸ் வைத்திருந்தாலும் இப்படியான மலைக் கொண்டோலா பலவற்றுக்குப் பாதிக் கட்டணம்தான் கழியும், எல்லாம் இலவசம் இல்லை. மார்கழியிலிருந்து வைகாசி வரை அந்த ஏரி அநேகமாகப் பனிக்கட்டியாக இருக்கும், ஆனி பிறந்த பிறகு போவதுதான் சரி. அதில் மட்டும் நாங்கள் சரியாகப் போயிருக்கிறோம், வற்றாப்பளை அம்மாள் புண்ணியத்தில்.

ஊருக்கு வந்து பெட்டி கூடத் திறக்கவில்லை, கடைக்குப் போனேன். முதல் தடவை, கவுண்டரில் இருக்கும் பிள்ளை: "அண்ணா, சேர் கொழும்புக்குப் போட்டார், திங்கள் வாங்கோ." திங்கள் போனேன், ஆள் உள்ளேதான் இருந்தார், கண்ணாடிக்குள்ளால் தெரிந்தது, "மீற்றிங்" என்று ஒரு மணி நேரம் இருத்தி வைத்துவிட்டுப் பின் கதவால் போய்விட்டார். மூன்றாவது தடவை பிடித்துவிட்டேன். அங்கத்தைய கொம்பனியின் பிழை, மெயில் போட்டிருக்கிறோம், பதில் வரட்டும் என்றார். எந்தக் கொம்பனி என்று கேட்டேன். அது வியாபார ரகசியமாம். அப்பாவின் பெயரைச் சொல்லிக் காசு வாங்கினீர்களே என்று கேட்டேன். "தம்பி, சுவிஸ் பாத்திட்டு வந்திட்டீங்கள்தானே, பிறகு ஏன் நிண்டு கத்துறீங்கள்?" என்று கடைக்கு வந்த மற்றச் சனத்துக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார். அன்று இரவே என் இலக்கத்தை வட்ஸ்அப்பில் புளொக் பண்ணிவிட்டார்.

இன்று நாலாவது தடவை. பற்றுச்சீட்டைக் கொண்டுபோனேன். வாங்கி, விரலால் தொட்டுக் காட்டினார்: 'சேவைக் கட்டணம் - 186,500'. அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. பாஸ் என்று இல்லை, ஏரி என்று இல்லை, வழிகாட்டி என்று இல்லை. சேவைக் கட்டணம் திருப்பித் தருவதில்லையாம், அது கீழே சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறதாம். இருக்கிறதுதான். 186,500 ரூபாவுக்கு எத்தனை மூட்டை நெல் என்று அந்த மனிதருக்குத் தெரியுமா? சிறுபோகத்துக்கு உரம் வாங்க நான் இப்போது கைமாற்றுக் கேட்டுத் திரிகிறேன்.

ஊர்ப் பெரியவர் ஒருவர், "விடு தம்பி, போன காசு போனதுதான்" என்கிறார். விடமாட்டேன். எனக்குப் பிறகு அந்தக் கதிரையில் போய் இருக்கும் ஆளிடமும் அவரின் அப்பாவைத் தெரியும் என்றுதான் சொல்லப்போகிறார்.

சரி, விளக்கமாக எழுதுகிறேன் என்றேன், முடியவில்லை, தலை இடிக்கிறது. அவசரமாகச் சில விஷயம்.

அங்கே இருக்கும் உங்கள் ஆட்களிடம் முதலில் கேளுங்கள். ஒளித்து வைக்க வேண்டாம், நான் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இது நடந்தே இராது. சுவிஸ் ரயில் ரிக்கெற் என்றால் எஸ்பிபி என்ற அவர்களுடைய சொந்தச் செயலியிலேயே எடுக்கலாம், அங்கே இருக்கும் பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் எடுத்துத் தருவார்கள். நாள் முந்தி எடுத்தால் மலிவான நாள் பாஸும் இருக்கிறது. காசாகக் கட்டாதீர்கள். பற்றுச்சீட்டில் என்னத்துக்குக் காசு என்று எழுதுவித்து, கடையை விட்டு வெளியே வர முதல் வாசியுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்த கடையா என்று கேளுங்கள். நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது, தமிழில் கதைக்கலாம் என்றுதான் சொன்னார்கள், நான் நாளைக்கு எடுக்கப்போகிறேன்.

ஏ9 வீதியில் இப்படி ஒரு கடையில் 'சேவைக் கட்டணம்' என்று பற்றுச்சீட்டு வாங்கி ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. பற்றுச்சீட்டை எறிந்துவிடாதீர்கள், படம் எடுத்து அனுப்புங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் வெள்ளிக்கிழமை ஒன்றாகவே போவோம்.