ஈமு முட்டையும் சொல்லாமல் விட்ட கதையும்: ஒரு நூலகக் கதைநேரம்

பள்ளி விடுமுறையில் ஆறு வயதுப் பேத்தியை எப்படிச் சமாளிப்பது என்று தெரியாமல்தான் மேற்குச் சிட்னியில் எங்கள் வட்டார நூலகத்துக்குப் போனேன். ஜூலை மாதம், ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளைக் கொண்டாடும் நெய்டொக் வாரம். பூர்வகுடிக் கதைசொல்லி ஒருவர் வருகிறார், கட்டணம் இல்லை, இணையத்தில் பதிய வேண்டும் என்று போட்டிருந்தார்கள். படப்புத்தகம் ஒன்றை வாசித்துக் காட்டுவார்கள், நான் கதிரையில் இருந்தபடி கொஞ்சம் கண்ணயரலாம் என்று நினைத்தேன். பொய் சொல்வானேன்.

வந்தவர் கையில் புத்தகம் இல்லை. அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா, கமிலரோய் என்ற பூர்வகுடிச் சனத்தைச் சேர்ந்தவர். எல்லோரும் அவரை 'ஆன்ட்டி' என்றார்கள். அவர்களிடையே அது பெரியவர்களுக்குக் கொடுக்கும் மரியாதைப் பெயர், நாங்கள் எல்லோரையும் கூப்பிடுகிற ஆன்ட்டி இல்லை. "இது தாருக் மக்களின் மண். என் சனத்தின் நிலம் வடக்கே மோரீ, டாம்வொர்த் பக்கம். நானும் இங்கே விருந்தாளிதான்" என்று தொடங்கினார். போன்களைப் பைக்குள் வைக்கச் சொன்னார். வீடியோ எடுத்து அனுப்பச் சொன்ன மகளுக்கு நான் என்ன பதில் சொல்வது?

அப்புறம் ஒரு ஈமு முட்டையைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். கரும்பச்சை நிறம், தொட்டால் சொரசொரப்பு. கை மாறி மாறி அது அறையைச் சுற்றி வரும்போதே கதையும் கூடவே வந்தது. முட்டை மேல் அடைகாத்து இருப்பது ஆண் ஈமுதான். எட்டு வாரம், அநேகமாக அன்னம் தண்ணி இல்லாமல். "பாவம் அப்பா" என்றாள் பேத்தி. அறை முழுக்கச் சிரிப்பு.

விளக்குகளை அணைக்கச் சொன்னார். இரவு வானத்திலும் ஒரு ஈமு உண்டு, அதைக் காண நட்சத்திரங்களை விட்டுவிட்டு நடுவே இருக்கும் கறுப்பைப் பார்க்க வேண்டுமாம். தென்சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டத்துக்குப் பக்கத்துக் கருந்திட்டு ஈமுவின் தலை. பால்வீதி நெடுகக் கிடக்கும் இருட்டு கழுத்தும் உடம்பும் காலும். ஏப்ரல், மே மாதங்களில் அது ஓடுவது போலத் தெரியும், ஈமுக்கள் சோடி சேரும் காலம். ஜூன், ஜூலையில் கால்கள் மறைந்து, முட்டை மேல் அடைகாத்து இருப்பது போல ஆகிவிடும். கதை என்றால் கதை, பஞ்சாங்கம் என்றால் பஞ்சாங்கம். இந்தக் கதையை வெளியே சொல்லலாம் என்று அவரே சொன்னதால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏனென்றால் எல்லாக் கதைக்கும் அந்த அனுமதி இல்லை. பரமட்டா ரக்பி அணியின் ஜெர்சி போட்டிருந்த ஒரு பையன் எழும்பி, எங்கள் அணிக்கு ஏன் விலாங்கு என்று பேர் என்று கேட்டான். பரமட்டா என்ற ஊர்ப் பெயரிலேயே தாருக் மொழியின் விலாங்கு இருக்கிறது, ஆற்றில் வளரும் விலாங்கு முட்டையிடப் பவளக் கடல்வரை போகிறது என்று சொன்னார். பையன் விடவில்லை, விலாங்குக் கதை வேண்டும் என்றான். "அது தாருக் பெரியவர்களுடையது. அவர்கள் வாயால் கேள்." அவ்வளவுதான். முதலில் எனக்குச் சப்பென்று இருந்தது. முப்பது வருடம் ஆசிரியையாக இருந்தவள் நான், கேட்ட பிள்ளைக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் விட்டதில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் விளங்கியது, அன்றைக்குப் பிள்ளைகள் வடிவாகப் படித்த பாடம் அதுதான்.

நூலகத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. கதை முடிந்த கையோடு பூமராங் படத்தாளை நீட்டி, புள்ளி வைத்து நிறம் தீட்டச் சொன்னார்கள். புள்ளி ஓவியம் என்று உலகம் அறிந்தது 1971இல் பாபுன்யாவில் தொடங்கியது. நடுப் பாலைவனத்துச் சனத்தின் பாணி அது. எது யாருடையது என்று ஒரு மணிநேரம் சொன்னவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இப்படிச் செய்யலாமா? பதிந்தவர்களுக்கு மேல் ஆட்களையும் விட்டார்கள். பிந்தி வந்தவர்கள் கதவைத் திறந்து மூடியதில் இருட்டு கெட்டது.

போகிறவர்கள் கால்மணி முந்திப் போய் முன்பாயில் உட்காருங்கள். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் இருட்டில் அழக்கூடும்.

வெளியே வரும்போது ஆன்ட்டியிடம் எங்கள் கார்த்திகைப் பெண்களைப் பற்றிச் சொன்னேன், ஆறு பேர் என்று. "எங்களிடம் ஏழு பேர். ஒருத்தியை எங்கே தொலைத்தீர்கள்?" என்று சிரித்தார். அன்றிரவு கொல்லைப்புறத்தில் நின்று பார்த்தோம். தெருவிளக்கு வெளிச்சத்தில் தென்சிலுவை மட்டும்தான் தெரிந்தது. ஈமுவைக் காணோம். தலை இருக்கிற இடம் தெரிகிறதே, அது போதும் என்றாள் பேத்தி.