செயற்கைக்கோளா, மழைமானியா: கனடாவின் வடக்கில் கண்காணிப்புப் பணம் எங்கே போக வேண்டும்?

கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில், கிரேட் ஸ்லேவ் ஏரிக்குத் தெற்கே உள்ள ஒரு சிறிய ஊருக்கு, காட்டுத்தீ, வானிலை, வனவிலங்கு மூன்றையும் கண்காணிக்க அரசு தரும் பணத்தை எதில் போடலாம் என்று பரிந்துரை எழுதும் வேலை என்னிடம் வந்தது. மேசையில் மூன்று வழிகள் இருந்தன. செயற்கைக்கோள் தரவுச் சேவை ஒன்றுக்குச் சந்தா கட்டுவது, ஊரைச் சுற்றித் தானியங்கி வானிலை நிலையங்களை நிறுவிப் பராமரிப்பது, உள்ளூர்ப் பழங்குடி மக்களையே நிலக் காவலர்களாகச் சம்பளத்துக்கு அமர்த்துவது. வானிலை நிலையங்களை முதலிடத்திலும் காவலர்களை அவற்றுக்குத் துணையாகவும் வைத்து எழுதிக் கொடுத்தேன். அந்த நிலையங்களைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை வாசகர் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

2023ஆம் ஆண்டை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த ஒரே பருவத்தில் கனடாவில் 1.5 கோடி ஹெக்டேர் அளவுக்குக் காடு எரிந்தது. ஜூன் மாதத்தில் டொராண்டோ பகுதியின் ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் இருந்த நம் உறவினர்கள்கூட ஜன்னலைச் சாத்திக்கொண்டு புகைக்குள் இருந்தார்கள். ஆகஸ்ட் 13 அன்று என்டர்பிரைஸ் என்ற சிற்றூரின் பெரும்பகுதி சாம்பலானது. 16ஆம் தேதி பிரதேசத் தலைநகரான யெல்லோநைஃபில் இருந்த ஏறத்தாழ 20,000 பேரையும் வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது. அதன் பிறகு கண்காணிப்புக்குப் பணம் ஒதுக்க வேண்டுமா என்ற கேள்வியே எழவில்லை. எதற்கு என்பதுதான் கேள்வி.

செயற்கைக்கோளின் பெருமையை நீட்டி முழக்கத் தேவையில்லை. வடமேற்குப் பிரதேசம் 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். மக்கள்தொகையோ 45,000 அளவில்தான். ஒரு மூலையில் மின்னல் விழுந்து புகை கிளம்பினால் பார்க்க ஆள் இருக்காது. வானத்திலிருந்துதான் பார்க்க முடியும். இப்போது பெரிதும் பயன்படுவது அமெரிக்கச் செயற்கைக்கோள்களில் உள்ள விர்ஸ் என்ற கருவி. 375 மீட்டர் நுணுக்கத்தில் வெப்பப் புள்ளிகளைக் காட்டுகிறது. துருவப் பாதையில் சுற்றுவதால் வடக்கே போகப் போக ஒரே இடத்தை அடிக்கடி கடக்கவும் செய்கிறது. ஆனால் அதன் பகல்நேரக் கடப்பு மதியம் ஒன்றரை மணியை ஒட்டி அமைகிறது. தீ மூர்க்கமாகப் பரவுவது பிற்பகலின் கடைசியிலும் மாலையிலும். நிலநடுக்கோட்டுக்கு மேலே நிலையாக நிற்கும் செயற்கைக்கோள்கள் நாள் முழுவதும் பார்க்கும் என்றாலும், இவ்வளவு வடக்கே அவற்றின் பார்வை சாய்ந்து விழுவதால் படம் மங்கிவிடுகிறது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் கனடா அரசு வைல்டுஃபயர்சாட் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2022 பட்ஜெட்டில் 11 ஆண்டுகளுக்கு 16.99 கோடி டாலர் அறிவிக்கப்பட்டது. ஏழு சிறு செயற்கைக்கோள்கள், 2029இல் ஏவுவதாகத் திட்டம். தீ உச்சத்தில் இருக்கும் நேரத்தில் நாள்தோறும் நாடு முழுவதையும் பார்ப்பது இதன் நோக்கம். நல்ல திட்டம், மனமார வரவேற்கிறேன். தீயிலிருந்து வெளிப்படும் வெப்ப ஆற்றலை அளந்தால் புகை எந்த ஊருக்குப் போகும் என்பதை இன்னும் துல்லியமாகக் கணிக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது உயிர் காக்கும் தகவல்.

ஆனால் எங்கள் வட்டாரத்தில் தீயைக் கண்டுபிடிப்பது அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை. தெற்கே ஆல்பர்ட்டாவில், ஒரு தீ 2 ஹெக்டேரைத் தாண்டுவதற்குள் ஆட்கள் போய்ச் சேர வேண்டும், மறுநாள் காலை 10 மணிக்குள் அதை அடக்கிவிட வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. வடமேற்குப் பிரதேசத்தில் எல்லாத் தீயையும் அணைப்பதில்லை, அணைக்கவும் கூடாது. போரியல் காடு என்னும் இந்த வடக்கத்திய ஊசியிலைக் காடு எரிந்து எரிந்து வளர்ந்த காடு. ஊர், வீடு, சாலை, வேட்டைக் குடில் ஆகியவற்றுக்கு ஆபத்து வருமா என்று பார்த்து, வராது என்று தெரிந்தால் தீயைக் கண்காணித்தபடி எரிய விடுகிறார்கள். ஆகவே தினமும் காலையில் அதிகாரியின் முன் இருப்பது ‘தீ எங்கே?’ என்ற கேள்வி இல்லை. வரைபடத்தில் ஏற்கெனவே இருக்கும் இருபது தீக்களில் எது ஊரை நோக்கி ஓடக்கூடியது, எதன்மேல் இருக்கிற இரண்டு ஹெலிகாப்டரையும் அனுப்புவது என்பதுதான். இதற்கான விடை மண்ணுக்குள் இருக்கிறது.

கனடாவில் 1970 முதல் பயன்பாட்டில் உள்ள காட்டுத்தீ வானிலைக் குறியீட்டு முறை நான்கே அளவீடுகளில் ஓடுகிறது: நண்பகல் வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம், காற்றின் வேகம், 24 மணி நேர மழை. இவற்றிலிருந்து மூன்று ஈரக் குறியீடுகள் பிறக்கின்றன. ஒன்று தரையில் கிடக்கும் சருகும் ஊசியிலையும் எவ்வளவு காய்ந்திருக்கின்றன என்று சொல்லும். இன்னொன்று அதற்குக் கீழே உள்ள தளர்ந்த மட்கைப் பற்றியது. மூன்றாவது ஆழத்தில் இறுகிக் கிடக்கும் மட்குக்கான வறட்சிக் குறியீடு. முதலாவது ஓரிரு நாளில் மாறிவிடும். வறட்சிக் குறியீட்டின் நினைவோ ஏறத்தாழ 52 நாள். மழை 2.8 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால்தான் அது அசையவே செய்யும்.

இந்தக் குறியீடுகள் பேரேட்டுக் கணக்கைப் போன்றவை. நேற்றைய இருப்பை முன்கொணர்ந்துதான் இன்றைய வரவு செலவை எழுதுகிறோம். ஜூன் 10ஆம் தேதி பெய்த 20 மில்லிமீட்டர் மழையை மழைமானி பதியத் தவறினால், அந்தப் பிழை ஜூலை கடைசி வரை கூடவே வரும். ஈரமான காட்டைக் காய்ந்தது என்று நம்பி ஆட்களை அங்கே குவிப்பார்கள், உண்மையில் காய்ந்த இடம் காலியாகக் கிடக்கும். பக்கத்து நிலையத்தின் அளவை எடுத்து நிரப்பலாமே என்று கேட்கலாம். இங்கே பக்கத்து நிலையம் நூறு கிலோமீட்டருக்கு அப்பால்கூட இருக்கும். கோடையில் பெய்வது இடிமழை, ஏரியின் இந்தக் கரையில் கொட்டும், அந்தக் கரையில் ஒரு துளி விழாது.

குளிர்காலம் இந்தக் கணக்கை முடித்துவைப்பதில்லை. இலையுதிர் காலத்தில் வறட்சிக் குறியீடு எந்த அளவில் நின்றதோ, அதையும் குளிர்காலப் பனிப்பொழிவையும் சேர்த்துத்தான் அடுத்த வசந்தத்தின் தொடக்க அளவைக் கணக்கிடுகிறார்கள். காய்ந்த மண் மீது பனி உறைந்து, வசந்தத்தில் உருகி, ஆழத்துக்கு இறங்காமலேயே ஓடிவிடக்கூடும். 2023 மே மாதத்திலேயே கிரேட் ஸ்லேவ் ஏரிக்கரையில் உள்ள ஹே ரிவர் மக்கள் ஊரைவிட்டு வெளியேற வேண்டிவந்தது. ஆகஸ்டில் மறுபடியும் வெளியேறினார்கள். அத்தகைய ஆண்டுகளில் முந்தைய செப்டம்பரின் எண் சரியாக இருந்ததா என்பதைவிட மதிப்புள்ள தகவல் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இதனால்தான் நான் பராமரிப்பை விடாப்பிடியாகப் பேசுகிறேன். ஒரு மழைமானியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேலே ஒரு புனல், உள்ளே தராசுத் தட்டுப் போல இருபுறமும் சாயும் சிறு கிண்ணம். ஒரு பக்கம் நிரம்பினால் சாய்ந்து கொட்டும், ஒவ்வொரு சாய்வும் ஒரு எண்ணிக்கை. அவ்வளவுதான் கருவி. ஜூன் மாதத்தில் பாப்லர் மரங்களின் பஞ்சு காற்றில் பறந்து வந்து புனலில் படியும். அதன்மேல் ஸ்ப்ரூஸ் மரத்தின் ஊசியிலைகள். கிண்ணத்துக்கும் சுவருக்கும் நடுவே சிலந்தி ஒரு இழை கட்டினால் கிண்ணம் சாயவே சாயாது. புனல் பாதி அடைத்துக்கொண்டால் நேற்றைய மழை இன்று வெயிலில் சொட்டுச் சொட்டாக இறங்கி, காய்ந்த நாளில் மழை பெய்ததாகப் பதிவாகும். பழுதுபார்ப்பவர் சோதனைக்காக ஊற்றிய தண்ணீரைப் பதிவிலிருந்து நீக்க மறந்தால் அதுவும் மழைதான். இந்த எந்தக் கோளாறுக்கும் எச்சரிக்கை மணி அடிக்காது. தலைமையகத்தின் திரையில் நிலையம் பச்சை நிறத்தில் நலமாக மின்னிக்கொண்டிருக்கும்.

ஈரப்பத உணரியின் அளவு ஆண்டுக்கு ஆண்டு பிசகிக்கொண்டே போகும், கழற்றி அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். கரடி வயரைக் கடிக்கும். நிலையத்தைச் சுற்றி வெட்டிய மரங்கள் மீண்டும் வளர்ந்து காற்றை மறைக்கும், காற்றின் வேகம் குறைந்துவிட்டதாகக் கருவி சொல்லும். இவற்றைச் சரிசெய்ய ஒரு நபர், ஒரு கருவிப்பெட்டி, ஒரு ஹெலிகாப்டர் போதும். செலவு முழுதும் ஹெலிகாப்டரில்தான், மணிக்கு ஆயிரக்கணக்கில் டாலர். நிலையத்தை வாங்குவது ஒருமுறைச் செலவு, போய்ப் பார்ப்பது ஆண்டுதோறும் வரும் செலவு. வாங்கும் பணத்துக்கு அறிவிப்பும் புகைப்படமும் உண்டு. போய்ப் பார்க்கும் பணம் பட்ஜெட்டில் ‘பயணம்’ என்ற தலைப்பின் கீழ் ஒளிந்துகிடக்கும், வெட்டு வரும்போது முதலில் அதுதான் போகும்.

இது எங்கள் ஊருக்கு மட்டுமான நிலைமை இல்லை. ஆல்பர்ட்டா அரசு 2019இல் சிக்கனம் என்ற பெயரில் 26 காட்டுத்தீக் கண்காணிப்புக் கோபுரங்களை மூடியது. கயிற்றில் இறங்கித் தீயணைக்கும் ஹெலிகாப்டர் குழுவையும் கலைத்தது. கோபுரத்தில் இருப்பவர் புகையை மட்டும் பார்ப்பவர் அல்ல. அன்றாடம் வானிலை அளவெடுத்து அனுப்புபவரும், வானொலித் தொடர்பை அடுத்த பள்ளத்தாக்குக்குக் கடத்துபவரும் அவரே. கோபுரத்தோடு இவ்வளவும் போனது. 2023இல் அந்த மாகாணத்தில் 20 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. ஒன்றால்தான் மற்றொன்று என்று நான் சொல்லவில்லை, வெப்பமும் வறட்சியும் அந்த ஆண்டு அப்படி. ஆனாலும் எந்தச் செலவு கண்ணுக்குத் தெரியாதோ அதுவே வெட்டப்படுகிறது. 2025 பிப்ரவரியில் அலாஸ்காவின் காட்ஸெபூவில் ஆள் பற்றாக்குறையால் வானிலை பலூன் விடுவதே நின்றது. ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே இருக்கும் ஓர் ஊரில், மேல்வளிமண்டலத்தின் அன்றாட அளவீடு ஆள் இல்லாமல் நின்றுபோவது சின்ன இழப்பு அல்ல.

செயற்கைக்கோளுக்கும் பராமரிப்பு உண்டு, ஆனால் அது ஒட்டாவாவின் பட்ஜெட்டில் ஒரே இடத்தில் இருக்கும், ஒப்பந்தமாக எழுதப்பட்டிருக்கும். யாரும் சத்தமில்லாமல் அதைக் குறைக்க முடியாது. இது அதன் உண்மையான பலம். தரவும் ஊருக்கு ஊர் மாறாமல் ஒரே சீராக வரும். சிறிய ஊர் தனியாகச் சந்தா கட்டுவதை நான் எதிர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம். மத்திய அரசு எல்லோருக்கும் பொதுவாகச் செய்யும் வேலைக்கு ஊர்ப் பணத்தை ஏன் இன்னொரு முறை கொடுக்க வேண்டும்? ஊர் செய்தால் மட்டுமே நடக்கும் வேலை மழைமானியைத் துடைப்பது.

வனவிலங்கு விஷயத்தில் என் கை படவில்லை. களத்தில் இருப்பவர்கள் சொல்வதையும் பொதுவில் உள்ளதையும் வைத்தே பேசுகிறேன். இங்கே தொழில்நுட்பத்தின் பக்கம் வலுவான வாதம் இருக்கிறது. பாதர்ஸ்ட் கரிபூ மந்தையில் 1980களின் நடுவில் நான்கு லட்சத்துக்கு மேல் மான்கள் இருந்தன. 2021 கணக்கெடுப்பில் 6,240 என்று வந்தது. அதை வேட்டையிலிருந்து காக்கும் தடைப்பகுதிக்கு நிலையான எல்லை கிடையாது. ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை மாட்டிய மான்கள் நகர நகர, எல்லையும் வாராவாரம் நகரும். கழுத்துப்பட்டை இல்லாமல் இது நடக்காது.

ஆனால் மான் எங்கே நிற்கிறது என்று சொல்லும் பட்டை, அது மெலிந்திருக்கிறதா, குட்டியோடு இருக்கிறதா, ஓநாய் துரத்துகிறதா என்று சொல்லாது. த்லிச்சோ பழங்குடி மக்கள் 2016 முதல் கான்ட்வாய்ட்டோ ஏரிக் கரையில் முகாமிட்டு, மந்தையோடு நடந்து, கண்ணால் கண்டதை எழுதிவைக்கிறார்கள். கிரேட் ஸ்லேவ் ஏரியின் ‘கிழக்குக் கை’ எனப்படும் நீட்சியில் லுட்செல் கே டெனே பழங்குடி மக்களின் காவலர்கள் 2008 முதல் சுற்றுக்காவல் செய்கிறார்கள். 2017 பட்ஜெட்டில் இத்தகைய காவலர் திட்டங்களுக்கு மத்திய அரசு 2.5 கோடி டாலர் ஒதுக்கியது. வைல்டுஃபயர்சாட்டோடு ஒப்பிட்டால் சிறிய தொகை.

தீயும் கரிபூவும் வேறு வேறு துறைகளின் கோப்பில் இருந்தாலும் தரையில் ஒன்றுதான். கரிபூ குளிர்காலத்தில் தின்னும், பாசி போன்ற லைக்கன் எரிந்தால் மீண்டு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். எந்தத் தீயை எரிய விடலாம் என்ற முடிவு அடுத்த தலைமுறையின் இறைச்சியைப் பற்றிய முடிவும்கூட. அந்த முடிவை எடுக்கும்போது முதியவர்கள் சொல்வதையும் வறட்சிக் குறியீட்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேச முடிகிற ஆள் காவலர்தான்.

ஆகவே என் பரிந்துரையில் இரண்டையும் முடிச்சுப் போட்டேன். படகிலும் ஸ்னோமொபைலிலும் நிலத்தில் சுற்றும் காவலர்களுக்கே மழைமானியைத் திறக்கவும், புனலைத் துடைக்கவும், சோதனைத் தண்ணீரைக் குறித்துவைக்கவும் பயிற்சி கொடுப்பது. படகு போகும் இடங்களுக்கு ஹெலிகாப்டர் தேவைப்படாது. உணரிகளை மாற்றுவதற்கு மட்டும் தொழில்நுட்பர் வந்தால் போதும். இது பெரிய பரப்புக்கு எந்த அளவு ஒத்துவரும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். மரமற்ற துந்திராவில், நீர்வழி இல்லாத மேட்டு நிலங்களில், கணக்கு வேறாக வரலாம். தீயை உடனே அணைத்தே தீர வேண்டிய ஆல்பர்ட்டா போன்ற இடத்தில் நான் பரிந்துரை எழுதியிருந்தால் கோபுரங்களையும் கேமராக்களையும் முதலில் வைத்திருப்பேன். 2029க்குப் பிறகு புதிய செயற்கைக்கோள்கள் சில பருவங்கள் ஓடிய பின் எங்கள் ஊருக்கான கணக்கையும் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு நிபந்தனையில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. செப்டம்பரில் நிலையங்களைப் போய்ப் பார்க்கும் பயணத்துக்கான பணம் தனித் தலைப்பில், வேறு எதற்கும் மாற்ற முடியாதபடி இருக்க வேண்டும் என்று எழுதினேன். தீப் பருவம் முடிந்ததும் எல்லோருக்கும் களைப்பு, பட்ஜெட்டும் தீர்ந்திருக்கும், அடுத்த மே மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அந்த மே மாதத்தின் முதல் எண் செப்டம்பரில்தான் எழுதப்படுகிறது.