புது மாடல் வந்தா பழைய எலெக்ட்ரிக் காரோட விலை என்ன ஆகுது, மாத்தலாமா வச்சுக்கலாமா: பல வருஷம் ஓட்டின அனுபவம்

எலெக்ட்ரிக் கார் வாங்கி இப்ப ஆறாவது வருஷம் ஓடிட்டு இருக்கு. 400 வோல்ட் சிஸ்டம், என்எம்சி பேட்டரி (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த லித்தியம் வகை), ஹீட் பம்ப் (கம்மி கரண்ட்ல வண்டிக்குள்ள சூடு பண்ற கருவி) கிடையாது. வாங்கினப்ப நல்ல வண்டி, இப்பவும் நல்ல வண்டிதான். ஆனா இதுக்குள்ள அதே மாடலை கம்பெனி ரெண்டு தடவை புதுப்பிச்சிருச்சு, நடுவுல விலையையும் ஒரு தடவை சடார்னு குறைச்சுது, ஒவ்வொரு தடவையும் தெரிஞ்சவங்க யாராவது வந்து "இப்பவே வித்துடு, இன்னும் வச்சிருந்தா அடிமாட்டு விலைக்குதான் போகும்"னு சொல்லுவாங்க. அதனால ஒவ்வொரு தடவையும் என் வண்டிக்கு என்ன விலை சொல்றாங்கன்னு விசாரிச்சு பாத்துட்டே வந்தேன், மாத்தலாமா வேணாமான்னு உக்காந்து கணக்கும் போட்டேன். அதுல எனக்கு புரிஞ்சத எழுதுறேன், இதே குழப்பத்துல இருக்கறவங்களுக்கு உதவும்.

முதல்ல ஒண்ணு. புது மாடல் வர்றதால பழைய வண்டி விலை விழுந்துரும்னு எல்லாரும் நினைக்கிறோம், நான் பாத்த வரைக்கும் அடிக்கிறது புது மாடல் இல்ல, புது மாடலோட விலை. என் வண்டிக்கு வந்த முதல் புதுப்பிப்புல ஹெட்லைட், சீட் துணி, உள்ள பெரிய ஸ்கிரீன், இவ்ளோதான் மாறுச்சு, விலையும் கொஞ்சம் ஏத்தித்தான் வச்சாங்க. அப்ப என் வண்டியோட செகண்ட் ஹேண்ட் விலை கிட்டத்தட்ட அசையவே இல்ல. அதுக்கப்புறம் எந்த மாற்றமும் இல்லாம வெறும் விலைக்குறைப்பு மட்டும் வந்துச்சு பாருங்க, அன்னிக்கு விழுந்தது. அதே பேட்டரி, அதே பாடி, ஒரு ஸ்க்ரூ கூட மாறல, ஆனா அடுத்த வாரம் டீலர் சொன்ன ரேட்டே வேற.

டீலர் கிட்ட நடந்ததை சொல்லணும், ஏன்னா அங்கதான் எனக்கு விஷயம் விளங்குச்சு. நான் வண்டிய நல்லா கழுவி, சர்வீஸ் பேப்பர் எல்லாம் ஃபைல்ல அடுக்கி எடுத்துட்டு போனேன். அவர் வண்டிய பாக்கவே வெளிய வரல. டேப்லெட்ட எடுத்தாரு, கம்பெனியோட வெப்சைட்ட திறந்தாரு, அதே மாடல் இன்னிக்கு புதுசா என்ன விலைன்னு பாத்தாரு, கையில இருக்கிற ஸ்டாக்குக்கு ஓடிட்டு இருக்கிற டிஸ்கவுண்டையும் கழிச்சாரு, அதுக்கப்புறம்தான் என் வண்டி எந்த வருஷம், எத்தனை கிலோமீட்டர்னு கேட்டாரு. அதாவது அவர் கணக்கு ஆரம்பிக்கிற இடமே இன்னிக்கு புது வண்டி விலை, நான் அன்னிக்கு என்ன குடுத்து வாங்கினேன்கிறது அவருக்கு தேவையே இல்லாத தகவல். பெட்ரோல் வண்டிலயும் இப்படித்தான், ஆனா பெட்ரோல் வண்டி விலை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா ஏறிட்டே போகும், அதனால பழைய வண்டிக்கு ஒரு தாங்கல் இருக்கும். எலெக்ட்ரிக்ல பேட்டரி செலவு இறங்க இறங்க புது வண்டி விலையும் இறங்குது, அந்த தாங்கல் இல்லாம போயிருது.

உலகம் பூரா இதுதான் நடந்துச்சு. 2022ல வண்டி தட்டுப்பாடு இருந்தப்ப பழைய டெஸ்லாவ புது வண்டி விலைய விட அதிகத்துக்கு வித்தவங்க உண்டு. 2023 ஜனவரில டெஸ்லா அமெரிக்காலயும் ஐரோப்பாலயும் சில மாடல்களுக்கு 20 சதவீதம் வரைக்கும் விலைய குறைச்சுது, முந்தின மாசம் டெலிவரி எடுத்தவங்க நிலைமைய யோசிச்சு பாருங்க. ஹெர்ட்ஸ் வாடகை கார் கம்பெனி 2021ல ஒரு லட்சம் டெஸ்லா வாங்கப்போறோம்னு அறிவிச்சது, 2024 ஜனவரில கையிலிருந்த எலெக்ட்ரிக் வண்டில சுமார் 20,000த்த விக்கப்போறோம்னு சொல்லிட்டாங்க, அவ்ளோ வண்டி மொத்தமா செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்தா தனியா ஒரு வண்டி விக்கறவர் கதி என்ன. 2025 மே மாசம் சீனால பிஒய்டிங்கிற கார் கம்பெனி 22 மாடல்களுக்கு 34 சதவீதம் வரைக்கும் விலைய குறைச்சுது, அதே சமயத்துல அங்க ஜீரோ கிலோமீட்டர் பழைய கார்னு ஒண்ணு பெரிய பேச்சாச்சு, அதாவது பதிவு மட்டும் பண்ணிட்டு ஓட்டவே ஓட்டாத வண்டிய செகண்ட் ஹேண்ட்னு விக்கிறது. நிஜமா ஓட்டின வண்டிய விக்க வர்றவங்க அதோட போட்டி போடணும்.

அமெரிக்கால ஐசீகார்ஸ்ங்கிற கார் விலை ஆராய்ச்சி வெப்சைட் 2025ல போட்ட கணக்குப்படி அஞ்சு வருஷத்துல சராசரி கார் 45.6 சதவீதம் விலை இழக்குது, எலெக்ட்ரிக் கார் 58.8 சதவீதம். இந்த நம்பர பாத்து பயப்படறவங்க ஒண்ண கவனிக்கணும், புது எலெக்ட்ரிக் வண்டிக்கு அரசு தள்ளுபடி இருந்தா வாங்கினவர் கையிலிருந்து போன காசே லிஸ்ட் விலைய விட கம்மி, அதனால அவரோட உண்மையான நஷ்டம் அந்த சதவீதம் காட்டுற அளவு இருக்காது. தள்ளுபடி நின்னுட்டா புது வண்டி வாங்கறவங்களுக்கு செலவு ஏறும், அப்ப பழைய வண்டிக்கும் கொஞ்சம் தேவை கூடும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். வண்டி விலை விழுந்ததும் "ஐயோ போச்சே"ன்னு பாக்கறோம், ஆனா வித்துட்டு இன்னொரு எலெக்ட்ரிக் கார்தான் வாங்கப்போறோம்னா பாக்க வேண்டியது நம்ம வண்டி விலைய இல்ல, ரெண்டு வண்டிக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்த. புது வண்டி 100, என் வண்டி 60ன்னு வைங்க, மாத்த கை காசு 40 போடணும். புது வண்டி 80 ஆகி, என் வண்டி 48 ஆச்சுன்னா வித்தியாசம் 32. பேப்பர்ல எனக்கு 12 நஷ்டம், ஆனா மாத்தறதுக்கு 8 கம்மியா செலவாகுது. விலைக்குறைப்பு நேரத்துல எல்லாரும் புலம்பிட்டு இருக்கும்போது மாத்தற எண்ணம் இருக்கறவங்களுக்கு அதுதான் நல்ல நேரம். உண்மையா அடி வாங்கறது யாருன்னா, வித்துட்டு திரும்ப வாங்காம போறவங்க, இன்னொண்ணு முன்பணம் ரொம்ப கம்மியா குடுத்து நீளமான லோன் போட்டவங்க. லோன் பாக்கி வண்டி விலைய தாண்டிருச்சுன்னா விக்கவும் முடியாது, விபத்துல வண்டி மொத்தமா போச்சுன்னா இன்சூரன்ஸ் குடுக்கிறது லோன அடைக்கவும் பத்தாது. என்னைக் கேட்டா எலெக்ட்ரிக் வண்டிக்கு லோன் காலம் குறைவா இருக்கணும், இதுல நான் ரொம்ப உறுதியா இருக்கேன்.

சரி, விலைய தள்ளி வச்சா புது மாடல்ல வர்ற எந்த மாற்றம் பழைய வண்டிய நிஜமா பின்னுக்கு தள்ளுது?

சார்ஜிங் போர்ட் மாறினா பெரிய விஷயம். பழைய நிஸான் லீஃப் எலெக்ட்ரிக் கார்ல சாடெமோங்கிற ஜப்பான் வகை ஃபாஸ்ட் சார்ஜிங் போர்ட், ஐரோப்பாலயும் அமெரிக்காலயும் மத்த பெரும்பாலான கம்பெனிங்க சிசிஎஸ்ங்கிற வேற வகை போர்ட் பக்கம் போயிட்டதால நெடுஞ்சாலைல அந்த வண்டிக்கு ஏத்த சார்ஜர் வருஷா வருஷம் சுருங்கிட்டே வந்துச்சு. அந்த பழைய லீஃப்ல பேட்டரிய திரவம் ஓடவிட்டு குளிர வைக்கிற லிக்விட் கூலிங்கும் கிடையாது, 2010 கடைசில வந்த முதல் தலைமுறைல 24 கிலோவாட் ஹவர் பேட்டரிதான், வெயில் அதிகமான இடத்துல ஓடினதுல பேட்டரி கொள்ளளவ காட்டுற டேஷ்போர்டு 12 கோட்டுல ஒண்ணு ஒண்ணா குறைஞ்சுட்டே வந்தது. பழைய எலெக்ட்ரிக் கார்னாலே பேட்டரி போயிரும்கிற பயம் பாதி அங்கிருந்துதான் பரவுச்சு, லிக்விட் கூலிங் உள்ள வண்டிக்கும் சேத்து அந்த பேரு வந்துருச்சு. இன்னொரு பக்கம் 2023ல ஃபோர்டும் ஜிஎம்மும் டெஸ்லா போர்ட்டுக்கு மாறப்போறோம்னு சொன்னப்ப பழைய சிசிஎஸ் வண்டிங்க செத்துப்போச்சுன்னாங்க, ஆனா அடாப்டர் குடுத்து டெஸ்லா சார்ஜர்ல போட விட்டாங்க, அந்த பழைய வண்டிங்களுக்கு சார்ஜ் போட இடம் முன்னை விட அதிகமாத்தான் ஆச்சு. அதனால போர்ட் மாறுதுன்னு செய்தி வந்ததும் அவசரப்பட்டு விக்காதீங்க, அடாப்டர் வருதான்னு பாருங்க.

அடுத்தது சார்ஜிங் வேகம், இத நான் நேர்லயே பாத்தேன். நெடுஞ்சாலை சார்ஜர்ல என் வண்டிய 12 சதவீதத்துல சொருகிட்டு நின்னுட்டு இருந்தேன். ஆரம்பத்துல நல்லா ஏறும், 50 தாண்டினதும் வேகம் படிப்படியா இறங்கும், 70க்கு மேல அப்படியே நகரும், பல பழைய 400 வோல்ட் வண்டிலயும் ஏறக்குறைய இதே கதைதான். எனக்கு பின்னாடி வந்து பக்கத்து சார்ஜர்ல ஒருத்தர் ஹூண்டாய் ஐயானிக் 5 நிறுத்தினாரு, இன்னும் வேகமா சார்ஜ் ஏறுற 800 வோல்ட் வண்டி, 350 கிலோவாட் சார்ஜர்ல 10லிருந்து 80க்கு 18 நிமிஷம்னு கம்பெனி சொல்றது. அவர் போய் முகம் கழுவிட்டு வந்து கிளம்பிட்டாரு, என் வண்டி அப்ப 60கள்ல இருந்துச்சு. அந்த ஒரு நாள் மாத்திரலாம்னு நிஜமாவே ஆசை வந்துச்சு. வீட்டுக்கு வந்து யோசிச்சா, எனக்கு வீட்லயே சார்ஜர் இருக்கு, ராத்திரி சொருகினா காலைல ரெடி, அந்த வேகம் எனக்கு தேவைப்படறது வருஷத்துல சில நீண்ட பயணத்துக்கு மட்டும்தான். வீட்ல சார்ஜ் பண்ண வசதி இல்லாதவருக்கு கணக்கே வேற, அவருக்கு ஒவ்வொரு வாரமும் இந்த வித்தியாசம் தெரியும், அவர் மாத்தறது நியாயம்.

ஹீட் பம்ப் குளிர் அதிகமான இடத்துல இருக்கறவங்களுக்கு ரேஞ்ச்ல நல்லாவே தெரியும், மத்தவங்களுக்கு பெருசா ஒண்ணுமில்ல. ஸ்கிரீன் சைஸ், ஆம்பியன்ட் லைட், புது கலர், இதுக்கெல்லாம் வண்டி மாத்தறது எனக்கு சுத்தமா புரியல. எலெக்ட்ரிக் கார ஃபோன் மாதிரி ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்னு ஒரு பேச்சு பரவி கிடக்கு, கார் அப்படி இல்ல, சாஃப்ட்வேர் அப்டேட்ல என் பழைய வண்டிக்கே வாங்கினப்ப இல்லாத வசதிங்க வந்திருக்கு.

அறிவிப்பே விலைய அடிக்கிறதும் உண்டு. 2025 மார்ச்ல பிஒய்டி 1000 கிலோவாட் சார்ஜிங், 5 நிமிஷத்துல 400 கிலோமீட்டர்னு சொன்னதும், வண்டி பாக்க வந்தவங்க "கொஞ்சம் பொறுத்து பாப்போம்"னு கிளம்பிட்டாங்க. அந்த சார்ஜர் அவங்க போற வழில எப்ப வரும்னு கேட்டா பதில் இல்ல.

என் வண்டிய பாக்க வந்தவர்ல ஒருத்தர் மட்டும் சரியான ஆளு. ஓபிடி டாங்கிள், அதாவது வண்டி கம்ப்யூட்டர்ல இருக்கிற தகவல படிக்கிற சின்ன கருவி, கொண்டு வந்து ஸ்டியரிங்குக்கு கீழ சொருகி, ஃபோன்ல ஆப் திறந்து பேட்டரி ஹெல்த் பாத்தாரு, செல் வோல்டேஜ் எல்லாம் ஒரே மட்டமா இருக்கான்னு பாத்தாரு, அதுக்கப்புறம் வாரண்டி முடியற தேதிய கேட்டாரு. பெயிண்ட்ல இருந்த கீறல பத்தி ஒரு வார்த்தை கேக்கல. பல கம்பெனில பேட்டரி வாரண்டி 8 வருஷம் இல்லன்னா 1,60,000 கிலோமீட்டர், அதுக்குள்ள கொள்ளளவு 70 சதவீதத்துக்கு கீழ போனா சரி பண்ணி தருவாங்க. பழைய எலெக்ட்ரிக் வண்டி விலைல இந்த தேதி ரொம்ப பேசும். செவ்ரோலே போல்ட் எலெக்ட்ரிக் கார பாருங்க, 2021ல தீ அபாயத்தால எல்லா வண்டியையும் ரீகால் பண்ணாங்க, பேரு கெட்டுச்சு, ஆனா புது பேட்டரி போட்டு குடுத்த வண்டிங்களுக்கு வாரண்டியும் புதுசா ஆரம்பிச்சதால விவரம் தெரிஞ்சவங்க செகண்ட் ஹேண்ட்ல அதைத்தான் தேடி வாங்கினாங்க.

என் முடிவு இதுதான். ரெண்டாவது புதுப்பிப்புல வேகமான சார்ஜிங்கும் ஹீட் பம்ப்பும் வந்துச்சு, நல்ல வண்டி, ஓட்டி பாத்தேன், புதுசா எடுக்கல. அந்த மாடலுக்கு அடுத்தது வர்றப்ப, லீஸ் முடிஞ்சு திரும்பற வண்டிங்க மொத்தமா சந்தைக்கு வரும், முதல் ஓனர் தலைல பெரிய தேய்மானம் இறங்கியிருக்கும், வாரண்டில பாதிக்கு மேல மிச்சம் இருக்கும், அப்ப அதுல ஒண்ண எடுக்கலாம்னு இருக்கேன். என் வண்டிய வாரண்டி முடிய ஒரு வருஷமாவது இருக்கும்போதே வித்துரணும், டீலருக்கு இல்ல, டாங்கிள் கொண்டு வர்ற மாதிரி ஆளுக்கு நேரா, ஏன்னா பேட்டரி நல்லா இருக்கறதுக்கு காசு குடுக்கறது அவங்கதான். அதுக்காக தினசரி 80 சதவீதத்தோட சார்ஜ நிறுத்துறேன், தேவையில்லாம ஃபாஸ்ட் சார்ஜர் பக்கம் போறதில்ல, வருஷத்துக்கு ஒரு தடவை பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட் எடுத்து சர்வீஸ் ஃபைல்லயே சேத்து வைக்கிறேன். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி வச்சிருக்கறவங்க இந்த 80 கணக்க பாக்காதீங்க, பல கம்பெனி அதுக்கு வாரம் ஒரு தடவையாவது 100 வரைக்கும் ஏத்த சொல்லுது, உங்க மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதையே செய்யுங்க.