8×42 பைனாகுலரா, 10×42 பைனாகுலரா?

ரொறொன்ரோ ஹை பார்க் குளக்கரையில் வாத்து பார்க்கும் திருகோணமலைக்காரர், விடுமுறைக்கு வந்தால் கந்தளாய்க் குளத்துக்கும் தம்பலகாமக் களப்புக்கும் அதே பைனாகுலரோடுதான் போவார். இரண்டு இடத்துக்கும் பொருந்துவது எது? (8, 10 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது; 42 என்பது முன்வில்லையின் விட்டம், மி.மீ. கணக்கில்.)

பார்வைப் பரப்பு: 1000 மீற்றர் தூரத்தில் 8×42 ஏறத்தாழ 130 மீற்றர் அகலம் காட்டும், 10×42 ஏறத்தாழ 110. பாயும் மீன்கொத்தியைத் தொடர 8 தான் வசதி.

வெளிச்சம்: கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம், 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 மி.மீ., 10ஆல் வகுத்தால் 4.2. மங்கிய மாலையில் 8 தெளிவு.

தூரம்: இங்கே 10 தான் முந்தும். சேற்றுத்திட்டில் நிற்கும் உள்ளான்களைப் பிரித்தறியக் கால் நிறமும் அலகின் வளைவும் தெரிய வேண்டும். ஆனால் அது கைநடுக்கத்தையும் கானலையும் சேர்த்தே பெருக்கும்; முழங்கையை மதிலில் ஊன்றுங்கள், வெயில் ஏறுமுன் போங்கள்.

விலையிலும் பாரத்திலும் பெரிய வித்தியாசமில்லை.

எதுவானாலும் உள்ளே ஆவி படியாதபடி நைட்ரஜன் வாயு அடைத்த, நீர் புகாத வகையே எடுங்கள். கடற்காற்றின் உப்பு வில்லையில் படியும். உலர்ந்த துணியால் தேய்த்தால் பூச்சில் கீறல் விழும். முதலில் ஊதுபந்தால் தூசி நீக்கி, பிறகு ஈரத்துணியால் ஒற்றுங்கள்.

நகரக் குளத்துக்கும், கண்ணாடி போடுபவருக்கும், புதியவருக்கும் 8×42. களப்பே முதன்மை என்றால் 10×42.