ஆர்மா 3: காசு கொடுத்து டிஎல்சியா, இலவச ஆர்எச்எஸ்ஸா?

கிருஷ்ணகிரியில் நாங்கள் நாலு பேர், ஓசூரில் இரண்டு பேர், தர்மபுரியில் ஒருவர். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆர்மா 3 என்ற கணினிப் போர் விளையாட்டில் கூடுவோம். நவீன டாங்கியும் போர் விமானமும் வேண்டுமென்றால் விளையாட்டைச் செய்த போஹிமியா நிறுவனம் விற்கும் டிஎல்சி என்ற கூடுதல் தொகுப்புகளை வாங்குவதா, ரசிகர்கள் செய்து இலவசமாகத் தரும் ஆர்எச்எஸ் என்ற தொகுப்பைப் போட்டுக்கொள்வதா என்று எங்களுக்குள் ஓயாத பேச்சு. இரண்டிலும் நிறைய ஆடியாகிவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

டேங்க்ஸ் டிஎல்சி 2018 ஏப்ரலில் வந்தது. வண்டி மூன்றுதான்: அங்காரா என்ற கனரக டாங்கி, சக்கரத்தில் ஓடும் ரைனோ, கைக்கடக்கமான நிக்ஸ். செய்நேர்த்தியில் குறையே இல்லை. ஆனால் கதை 2035-இல் நடப்பதால் எல்லாமே பாதி கற்பனை. ஆர்எச்எஸ்ஸில் இருப்பது நிஜ டாங்கிகள்: டி-72, டி-80, டி-90, ஏப்ரம்ஸ். டி-72பி ஒன்றே 1984, 1985, 1989 என்று ஆண்டுவாரியாக வரும். ஒரே வண்டியை எப்படிப் படிப்படியாகப் புதுப்பித்தார்கள் என்பதைக் கண்ணெதிரே பார்க்கலாம்.

எனக்கு முக்கியம் குண்டுதான். விளையாட்டோடு வரும் டாங்கிகளில் குண்டு வகைகள் பொதுப் பெயரோடு நின்றுவிடும். ஆர்எச்எஸ் நிஜக் குண்டுகளையே பெயரோடு தருகிறது. அதில் ஒன்றின் பெயர் 'மேங்கோ'! மாம்பழ ஊர்க்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? 1986-இல் சோவியத் படைக்கு வந்த 125 மில்லிமீட்டர் குண்டு அது. உள்ளே டங்ஸ்டன் என்ற கன உலோகக் கம்பி. நொடிக்குச் சுமார் 1700 மீட்டர் வேகத்தில் போய்த் துளைக்கும். ஹீட் குண்டு வேறு மாதிரி. பட்ட இடத்தில் வெடித்து, உலோகத்தைத் தாரையாகப் பீய்ச்சி ஓட்டை போடும்.

போன மாதம் விளையாட்டில் வரும் ஆல்டிஸ் தீவில், பர்கூர் பக்கத்துப் பாறைக்குன்று மாதிரியே ஒரு மேடு. நான் டி-90-இல் கன்னர், அதாவது சுடுபவன். எதிரே 1985 மாடல் டி-72பி. அவசரத்தில் ஹீட்டை அடித்தேன். முன்பக்கத்தில் ஒட்டியிருந்த வெடிமருந்துக் கவசக் கட்டி ஒன்று வெடித்துச் சிதறியது, டாங்கி அப்படியே நின்றது. அந்தக் கட்டி காண்டாக்ட்-1 வகை. ஹீட்டின் தாரையைக் கலைப்பதற்கென்றே செய்தது, மேங்கோ மாதிரிக் கம்பிக் குண்டை அவ்வளவாகத் தடுக்காது. மேங்கோ ஏறும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏறியதும் ஒரே அடி. 1989 மாடலாக இருந்திருந்தால் அதில் காண்டாக்ட்-5. அது கம்பியையும் பலவீனப்படுத்தும். அப்போது சுற்றிப் போய் விலாவில்தான் அடிக்க வேண்டும். சுடுவதற்கு முன் எதிரே நிற்பது எந்த வருட மாடல் என்று யோசிக்க வைக்கிறதே, அதுதான் ஆர்எச்எஸ்.

விமானத்தில் என் ஓட்டு மாறும். 2017 மே மாதம் வந்த ஜெட்ஸ் டிஎல்சியில் பிளாக் வாஸ்ப், ஷிக்ரா, கிரிஃபன், ஆளில்லா சென்டினல் நான்கும் உண்டு. கூடவே வந்த விமானந்தாங்கிக் கப்பலும் புது ரேடார் முறையும் எல்லோருக்கும் இலவசம். கப்பலில் கொக்கி மாட்டி இறங்கும் அந்த நொடிக்கே காசு கொடுக்கலாம். ஆர்எச்எஸ்ஸின் ஏ-10, சு-25 இரண்டும் டாங்கிகளுக்குத் துணையாகத் தாழப் பறந்து அடிக்க அருமை. வானத்தில் விமானத்தோடு விமானம் மோத ஜெட்ஸ்தான்.

சரி, எங்கள் குழுவுக்கு எது? டிஎல்சி வாங்காதவரும் சர்வரில் சேரலாம், ஆனால் அந்த வண்டிகளை ஓட்டவோ சுடவோ முடியாது, பயணியாக உட்காரலாம் அவ்வளவுதான். எங்களில் இரண்டு பேர் கல்லூரி மாணவர்கள். அவர்களைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஆட எனக்கு மனம் வரவில்லை. ஆர்எச்எஸ்ஸில் அந்தச் சிக்கல் கிடையாது. டவுன்லோடுதான் பல ஜிபி. போச்சம்பள்ளித் தம்பி மொபைல் ஹாட்ஸ்பாட்டில் மூன்று ராத்திரி இறக்கினான். அப்டேட் வந்தால் எல்லோரும் ஒரே பதிப்புக்கு மாறியாக வேண்டும், இல்லையென்றால் சர்வர் உள்ளே விடாது.

ஆகவே ஏழு பேருக்கும் ஆர்எச்எஸ். விமானப் பைத்தியமான ஓசூர்க்காரர்கள் இருவர் மட்டும் தள்ளுபடி வரும்போது ஜெட்ஸ் வாங்கிக்கொள்ளட்டும். டேங்க்ஸை இப்போதைக்கு விட்டுவிடலாம். அதில் வந்த டாங்கி உட்புறக் காட்சியும் புதுச் சேதக் கணக்கும் எப்படியும் இலவச அப்டேட்டிலேயே கிடைத்துவிட்டன.