வவுனியாவில் ஒரு செவிப்புலன் பரிசோதனை நிலையம்: காதுக்குத்து மாறிய பின்னரும் காது கேட்காத பிள்ளைகளுக்கு

நடுச்செவியில் கிருமித்தொற்று ஏற்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சலும் காதுக்குத்தும் மாறிய பின்னரும் கேட்டல் மந்தமாகவே இருக்குமானால், அதை முறையாக அளந்து சொல்ல ஓர் இடம் வேண்டும். வவுனியா நகரில் அப்படியான தனியார் பரிசோதனை நிலையம் ஒன்றைப் பற்றியே எழுதுகிறேன். குறைகளையும் சொல்லவேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வந்து, ஏ9 வீதியில் பஸ் மாறிப் போகும் எங்களுக்கு அது ஒரு நாள் வேலையைக் கெடுக்கும் பயணம். அந்த அலைச்சலுக்கு அந்த இடம் தகும் என்பதே என் கருத்து. அங்குள்ள ஒரு சிறிய கருவியும் அதைக் கையாளும் இளம் பெண்ணுமே அதற்குக் காரணம்.

தரம் ஒன்றில் படிக்கும் என் மகனுக்கு மாரியில் தடிமன் பிடித்து, இரண்டு காதிலும் குத்து வந்து, மருந்துடன் மாறியது. அதன் பின்னர், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான். வகுப்பாசிரியை கவனக்குறைவு என்று கொப்பியில் எழுதி அனுப்பியிருந்தார்.

நிலையத்தில் முதலில் பார்த்தது செவிப்பறையின் அசைவை. மென்மையான றப்பர் முனையொன்றைக் காதுத் துவாரத்தில் பொருத்தி, உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று அந்தக் கருவி பதிவு செய்கிறது. பிள்ளை சிணுங்கத் தொடங்குவதற்குள் முடிந்துவிடுகிறது. அந்தப் பெண் முனையை மாற்றித் தன் காதிலும் வைத்து ஒரு தாள் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அவருடையதில் நடுவில் ஒரு மேடு எழுந்திருந்தது. மகனுடையது தட்டையான கோடு. மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் சிறுவர்களுக்குக் குட்டையாகவும் ஏறக்குறையக் கிடையாகவும் இருப்பதால், தடிமனில் அது வீங்கி அடைபட்டு, காற்றுப் போகாத இடத்தில் நீர் தேங்கி, செவிப்பறையும் அதன் பின்னுள்ள மூன்று சிற்றெலும்புகளும் சரிவர அதிரமாட்டாமல் போகின்றன என்று விளக்கினார்.

பிறகுதான் கேட்டல் பரிசோதனை. ஒவ்வொரு சத்தம் கேட்கும்போதும் ஒரு போளையை ரின்னுக்குள் போடவேண்டும் என்றவுடன் மகனுக்கு அது விளையாட்டாகிவிட்டது. 20 டெசிபலுக்குக் குறைந்த சத்தமும் கேட்பதே வழமை. அவனுக்கு 30 வரை கூட்டவேண்டியிருந்தது. காதின் பின்னுள்ள எலும்பில் அதிர்வியை வைத்துச் சோதித்தபோது குறை எதுவும் இல்லாததால், உட்செவியும் நரம்பும் நன்றாக இருக்கின்றன என்று தெரிந்தது.

"அம்மா, பிள்ளைக்கு இப்ப மிசின் தேவையில்லை. இந்த நீர் கனபேருக்கு மூண்டு மாதத்துக்குள்ள தானா வத்திடும். முன் வாங்கில இருத்தச் சொல்லி ரீச்சரிட்டச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகும் இருந்தா ஈஎன்டி டொக்டரிட்டக் காட்டத்தான் வேணும்," என்றார். கண்ணாடி அலுமாரி நிறையக் கேட்டல் கருவிகளை அடுக்கி விற்கும் ஓர் இடத்தில் இப்படிச் சொல்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எங்களுக்கு முன்னால் வந்திருந்த ஐயா ஒருவர் விடயத்திலும் அவர்களின் அதே நேர்மையைக் கண்டேன். செவிப்பறையில் நெடுநாள் துவாரம் இருந்து சீழ் வடியும் அவருடைய காதுக்குக் கருவி பொருத்த அச்சு எடுக்க மறுத்துவிட்டார்கள். வடியும் காதை அடைத்தால் தொற்று இன்னும் கூடும் என்றும், முதலில் வைத்தியரிடம் காட்டிக் காதை உலர வைக்கவேண்டும் என்றும், நல்லெண்ணெய் விடக்கூடாது, குளத்தில் முழுகக்கூடாது, வீட்டில் தலைக்கு வார்க்கும்போது வாசலின் பூசிய பஞ்சை வைக்கவேண்டும் என்றும் பொறுமையாகச் சொன்னார்கள். முத்தையன்கட்டுப் பக்கம் குளத்தில் முழுகாதே என்று ஒரு மனிதரிடம் சொல்வது இலேசான காரியமல்ல. ஐயாவும் தலையை மட்டும் ஆட்டினார்.

குறைகளும் உண்டு. ஒலியறை என்று சொல்லப்படும் அறை வீதியை ஒட்டி இருப்பதால், ஆட்டோ இரைச்சலில் பரிசோதனை பலதடவை நின்றது. வெளிச்சத்தம் தாழ்ந்த சுருதி ஒலிகளையே அதிகம் மறைக்கும் என்பதால் இதைச் சிறிய குறையாகக் கொள்ள முடியாது. அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் நாலு வரி எழுதிக் கொடுத்தால் ஆசிரியையிடமாவது காட்டலாம். இரண்டு பரிசோதனைகளுக்கும் தனித்தனியாகப் பணம் அறவிடுவதை முன்கூட்டியே சொல்லவும் இல்லை. அரச வைத்தியசாலைகளின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குகளில் சிகிச்சை இலவசம் என்பதையும், அங்கு காத்திருக்க முடிந்தவர்கள் முதலில் அங்கேயே போகலாம் என்பதையும் சொல்லவேண்டும்.

மீண்டும் போனபோது மகனின் வலது காதுக்கான தாளில் மேடு எழுந்திருந்தது. இடது காதுக்கான கோடு இன்னும் தட்டைதான். அதற்காக ஈஎன்டி வைத்தியருக்கு ஒரு கடிதம் தந்து, பழைய தாளையும் புதிய தாளையும் அத்துடன் இணைத்துக் கொடுத்தார்கள். அதற்குப் பணம் வாங்கவில்லை. சனிக்கிழமைகளில் பாடசாலைப் பிள்ளைகளால் நெரிசல் அதிகம் என்பதால், தூரத்திலிருந்து வருபவர்கள் வாரநாளில் காலையிலேயே போவது நல்லது.